பலகைப் பாலத்தில் இருந்தவள்

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மன்னார் பட்டினத்து றம்ஸீன் கடையின் சட்டர் பாதிக்கு இறங்கிவிடும். போன் திருத்துவது, ரீலோட் போடுவது, போட்டோக்கொப்பி அடிப்பது எல்லாம் நடக்கிற கடை. றம்ஸீன் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார். அவரிடம் வேலை செய்கிற துசாந்தினி சாப்பிட வீட்டுக்கு ஓடுவாள். மிஞ்சுகிறவள் நிறஞ்சலா. சட்டருக்கு வெளியே நிழலுக்கு ஒதுங்கிய கழுதை ஒன்று, வாடகை கொடுத்த ஆளைப் போல அசையாமல் நிற்கும். நிறஞ்சலா சோற்றுப் பார்சலை அவிழ்க்க மாட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கதிரையை இழுத்துப் போட்டு, போனைக் கையில் எடுத்து, புருசனோடு வாழப் போய்விடுவாள்.

புருசன் நிரோஷன் கட்டாரில் தரைக்கு ரைல்ஸ் ஓடு பதிக்கிறான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. இவளுக்கு ஜும்மாவின் புண்ணியத்தில் கிடைக்கிற ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தில் இருவரும் சேர்ந்து இருப்பது போனுக்குள் இருக்கிற ஒரு கேமில். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. இவர்கள் இருவரும் ‘தீவு’ என்று சொல்வார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கலியாணம் கட்டி ஒரு வருடம் நிறைய முன்னரே புருசனைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தவளுக்குத்தான் அந்த ஒரு மணித்தியாலத்தின் அருமை தெரியும்.

நிரோஷன் அடம்பன் பக்கத்துப் பையன். மலைநாட்டிலிருந்து பெயர்ந்து வந்து குடியேறிய குடும்பம். கடற்கரைக் கிராமமான கீரியில் நிறஞ்சலா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ரைல்ஸ் பதிக்க வந்தவன், அந்த வீட்டு விறாந்தையை வேண்டுமென்றே மெல்ல மெல்லப் பதித்தான். இரண்டு நாள் வேலை இரண்டு கிழமைக்கு இழுபட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார். தெருவுக்கே காரணம் விளங்கியிருந்தது, அவருக்கு மட்டும் விளங்கவில்லை. நிறஞ்சலாவின் அம்மா றோசம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பையன் ஞானோபதேசம் படித்து ஞானஸ்நானம் வாங்கியதும் இறங்கி வந்தாள். கலியாணம் முடிந்தது. வீட்டுக்கு அத்திவாரமும் போட்டாயிற்று. அத்திவாரத்துக்கு மேலே சுவர் எழும்ப வேண்டுமென்றால் வெளிநாடு போகத்தான் வேண்டும் என்று எல்லோரையும் போல அவனும் போனான்.

போனில் பேசுவது ஒன்றுக்கும் உதவவில்லை. சாப்பிட்டீர்களா, என்ன கறி, அங்கே வெயிலா, இங்கே காற்று. அதோடு கதை முடிந்துவிடும். வீடியோ போட்டாலோ இருவரும் ஆளை ஆள் பார்க்காமல், மூலையில் சின்னதாகத் தெரிகிற தத்தம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைக்குள் வந்து நிற்கும்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவளுடைய தொண்டைவரைகூட வருவதில்லை. எப்போது வருவீர்கள் என்ற கேள்வி.

அதற்குக் காரணம் கீரியில் அவள் வளர்ந்த வீடு. அப்பா தோமஸ் கடலுக்குப் போகிறவர். கடலுக்கு இறங்குகிற ஆளிடம் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் போகிறவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு அன்றைய தொழிலை விட்டுவிடுவார். கடலில் நிற்கிற ஆளைப் பற்றி ‘எப்ப வருவார்’ என்று அக்கம்பக்கத்தில் கேட்பதுகூட ஆகாது. றோசம்மா இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. பொழுது பட்டும் வள்ளம் வராத நாட்களில் கையில் செபமாலையை உருட்டுவாள், வாய் திறக்க மாட்டாள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு, தொழிலுக்குப் போன புருசன் என்றால் கடலில் நிற்கிற புருசன்தான். கட்டாராக இருந்தாலும் சரி, கடாரமாக இருந்தாலும் சரி.

கட்டுநாயக்காவில் அவனை வழியனுப்பிய அன்று அவனுடைய ஆட்கள் எல்லோரும் கேட்டார்கள். தாய் ராக்கம்மா சட்டையைப் பிடித்துக்கொண்டு ‘எப்பய்யா வருவ’ என்று அழுதாள். தங்கை கிருசாந்தினி கேட்டாள். வான் ஓட்டி வந்தவன்கூடக் கேட்டான். அவர்கள் வழக்கத்தில் அப்படிக் கேட்காமல் அனுப்புவது மரியாதை இல்லை. கேட்கிற ஆள் இருந்தால்தான் போகிறவனுக்குத் திரும்பி வர மனம் வரும். நிறஞ்சலா மட்டும் அவன் நெற்றியில் சிலுவை போட்டு, “போயிட்டு வாங்கோ” என்றாள். நிரோஷன் ஒரு கணம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். எதற்காக அப்படிப் பார்க்கிறான் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

அறையில் கூட இருக்கிற நேபாளக்காரன் விளையாடுவதைப் பார்த்துவிட்டு ‘தீவை’ அவளுக்கு அனுப்பியது நிரோஷன்தான். அவள் முதலில் நாட்டமே காட்டவில்லை. இரண்டு பேர் ஒரு தீவில் குடியிருந்து, தோட்டம் செய்து, மீன் பிடித்து, வீடு கட்ட வேண்டும். இதைத்தானே வெளியே செய்ய முடியாமல் அவதிப்படுகிறோம், பிறகென்ன போனுக்குள்ளும் என்று நினைத்தாள். அவன் மனம் நோகக் கூடாது என்பதற்காகத்தான் உள்ளே போனாள்.

போனவளைப் பிடித்து வைத்துக்கொண்டது தோட்டமும் இல்லை, வீடும் இல்லை. மணலில் நடந்தால் ஒரு சத்தம், பலகையில் ஏறினால் வேறு சத்தம் கேட்டது. அதற்காகவே அவள் பலகைப் பாலத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். ஈர மணலில் கால் வைத்தால் அடி பதிந்தது. அலை வந்து ஒரு பாதியை மட்டும் அழித்துவிட்டுப் போனது. தண்ணீருக்குள் இறங்கி ஏறினால், அவள் சொல்லாமலே அந்த உருவம் பாவாடை விளிம்பைப் பிழிந்துகொண்டது. வாசலில் ஒரு பூனை இருந்தது. அது கூப்பிட்டால் வராது. ஆனால் அவள் ஓரிடத்தில் சும்மா நின்றால், வேறு எங்கோ போவதைப் போலச் சுற்றி வந்து காலடியில் படுத்துக்கொள்ளும். இதில் எதனாலும் காசு சேராது, கட்டம் ஏறாது. இவை இல்லாவிட்டாலும் கேம் நடக்கும். எங்கேயோ இருந்த யாரோ ஒரு புண்ணியவான் வேலை மெனக்கெட்டு யோசித்து வைத்திருக்கிறான்.

நிரோஷனுக்கும் இதே பைத்தியம்தான், ஆனால் அவன் பார்ப்பது வேலைக்காரன் பார்வை. பாலத்துப் பலகைகளைக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பலகை மாதிரி இன்னொன்று இல்லை என்றான். வீட்டுக்குப் பின்பக்கம், ஒருவரும் போகாத மூலையிலும் கல்லை ஒழுங்காகச் சேர்த்திருக்கிறான் என்றான். இதைச் செய்தவன் கள்ளம் பண்ணாத ஆள் என்று மேசன்மாருக்கே உரிய பெரிய சான்றிதழையும் கொடுத்தான்.

ஒருநாள் இருவரும் கரையோரமாகச் சேர்ந்து நடந்தபோது அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அவனுடைய உருவம் உயரம், கால் நீளம். தனியாக நடந்தால் விசுக்கு விசுக்கென்று போகும். இவள் பக்கத்தில் வந்ததும் அது தன் நடையைக் குறைத்துக்கொண்டது. நிஜத்தில் நிரோஷன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவன் முன்னால் போய்விடுவான், இவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவாள். அதைச் சொன்னபோது, அது கேம் தானாகச் செய்வது என்று அவன் சிரித்தான். அப்படியென்றால் அந்தக் கேமிடம் பழகிக்கொள்ளுங்கள் என்றாள். பழகிக்கொண்டு வருகிறேன் என்றான் அவன். வருகிறேன் என்ற சொல் அவள் காதில் அன்று முழுக்க இருந்தது.

கிழமை நாட்களில் அவன் வேலையில் இருக்கும்போது அவள் தனியாக உள்ளே போவாள். நிரோஷன் ஒழுங்கான ஆள், விளையாடி முடித்ததும் தன் உருவத்தைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத்தான் மூடுவான். அதனால் அவள் போகிற நேரமெல்லாம் அது நித்திரையில் இருக்கும். மூச்சு விடும்போது போர்வை ஏறி இறங்கும். முதல்நாள் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த உருவம் கண்ணைத் திறக்காமலே புரண்டு, பாதிக் கட்டிலை விட்டு ஒதுங்கிப் படுத்தது.

நிறஞ்சலா கடையில் வைத்தே அழுதுவிட்டாள். யாரோ வாடிக்கையாளர் ஏசிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்து றம்ஸீன் தெருவரைக்கும் எட்டிப் பார்த்தார்.

இவளிடம் அந்த ஒழுங்கு இல்லை. ஆள் வந்து ரீலோட் என்று நின்றால், இருந்த இடத்தில் இருந்தபடியே கேமை மூடிவிட்டு எழும்புவாள். திரும்பத் திறந்தால் உருவம் விட்ட இடத்திலேயே நிற்கும். தான் மூடிய பிறகு அது என்ன செய்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவள் உள்ளே தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று யோசிப்பாளா?

கார்த்திகை பிறந்து மன்னாரில் மழை தொடங்கியது. அதென்ன கணக்கோ, தீவிலும் மழைதான். ஒருநாள் அவள் கேமை அப்படியே மூடுவதைப் பார்த்த துசாந்தினி தலையில் கை வைத்தாள். அவளும் அதே கேமை விளையாடுகிறவள், அதுவும் வெறியோடு. அப்படி மூடக் கூடாது, கட்டிலில் படுக்க வைத்துவிட்டு மூடினால் அடுத்த நாளைக்குத் தென்பு கூடத் தருவார்கள் என்று சொல்லிக் கொடுத்தாள். தென்பு யாருக்கு வேண்டும்? நிறஞ்சலாவுக்குப் பட்டது வேறு. படுக்க வைத்தால் அவன் விட்டுக் கொடுத்த அந்தப் பாதிக் கட்டிலில் அவன் பக்கத்தில் கிடக்கலாம். தான் இல்லாத நேரத்திலும் இரண்டு பேரும் ஒரு போர்வைக்குள் இருக்கலாம். அன்றிலிருந்து ஒருநாளும் தவறாமல் படுக்க வைத்துவிட்டுத்தான் மூடினாள். அதைச் செய்கிறபோது கடையில் யாராவது பார்க்கிறார்களா என்று வெட்கமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நிரோஷனுடைய பேச்சுக் குறைந்தது. வெள்ளிக்கிழமை தீவுக்கு வந்தாலும் ஒரு மூலையில் நின்று விறகு வெட்டிக்கொண்டிருந்தான். வேலை கடுமையாக்கும் என்று அவள் நினைத்தாள். ஒருநாள் போனில் இழுத்து இழுத்து ஒரு விசயம் சொன்னான். ஒப்பந்தம் முடியப் போகிறது, ஊருக்குப் போகிறவர்கள் போகலாம், நிற்கிறவர்கள் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கலாம் என்று கேட்கிறார்களாம்.

சொல்லிவிட்டு நிறுத்தினான். வாருங்கள் என்று அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. நாக்கு மட்டும் தான் பழகிய பழக்கத்தைச் செய்தது.

“உங்களுக்கு எது நல்லதெண்டு படுதோ அதைச் செய்யுங்கோ. இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை.”

“சரி” என்றான் அவன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னாள். பிறகு இருவரும் தீவில் ஒன்றுமே நடக்காதது போலக் கரட் பிடுங்கினார்கள். பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது. சட்டர் மேலே ஏறி, றம்ஸீன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது, அவள் சாப்பாட்டுப் பார்சலைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டிருந்தாள்.

திங்கட்கிழமை கிருசாந்தினி அடம்பனிலிருந்து போன் எடுத்தாள். வழக்கமாக அந்தப் பிள்ளை நாத்தி முறைக்கு மரியாதையாகக் கதைக்கிறவள். அன்று எடுத்த எடுப்பிலேயே குரல் உயர்ந்திருந்தது.

“ஏன் அண்ணி, வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில உள்ள முத்து கொட்டிருமா? போன நாள்ல இருந்து ஒரு தடவகூட எப்ப வருவீங்கன்னு நீங்க கேட்டதில்லையாம். அண்ணன் சொல்லி அழுவுது.”

கேட்கக் கூடாது என்பதால்தான் கேட்கவில்லை என்பதை நிறஞ்சலா இப்படி அவசரத்தில் எப்படிச் சொல்வது? கிருசாந்தினி இடைவெளி விடவும் இல்லை. வாயால் கேட்காவிட்டாலும் அந்தக் கேமில் அண்ணி தனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று அண்ணன் அதை நினைத்தே நாளைக் கழித்திருக்கிறது என்றாள். விடியற்காலை வேலைக்கு பஸ் ஏற முன்னம் போய்ப் பார்க்குமாம். எப்போது பார்த்தாலும் அண்ணி பலகைப் பாலத்து நுனியில் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பாளாம். பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுமாம். இப்போது ஒரு மாதமாகப் பாலத்தில் ஆள் இல்லையாம்.

“கட்டில்ல படுத்து நிம்மதியா தூங்குறா, நான் இல்லாம இருந்து பழகிட்டான்னு சொல்லுது. அந்த வெறுப்புலதான் கையெழுத்து வச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நிறஞ்சலா போனைக் காதில் பிடித்தபடியே நின்றாள். பாலமா? தான் எப்போது பாலத்து நுனியில் போய் இருந்தாள்? துசாந்தினியைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளையின் போனிலிருந்து விருந்தாளியாகத் தன் தீவுக்குள் வரச் சொன்னாள். இரண்டு போனையும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நிறஞ்சலா தன் உருவத்தைத் தோட்டத்து நடுவில் நிறுத்தி, முந்தி மூடுகிற மாதிரியே படக்கென்று மூடினாள். பிறகு மற்றப் போனைக் குனிந்து பார்த்தாள்.

அவளுடைய உருவம் தோட்டத்தில் அப்படியே நின்றது. யாரோ கூப்பிட்டது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. மெல்ல நடந்து வீட்டு வாசலுக்குப் போய், உள்ளே நித்திரை கொள்கிறவனை எட்டிப் பார்த்தது. உள்ளே போகவில்லை. திரும்பி மழைக்குள் இறங்கிக் கரைப் பக்கம் நடந்தது. மணல் சத்தம் மாறிப் பலகைச் சத்தம் கேட்டது. பாலத்து நுனிக்குப் போய், பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டது. பிறகு ஒரு கையைப் புருவத்துக்கு மேலே வைத்துக் கடலைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

“வடிவாச் செய்திருக்கிறாங்கள் என்ன, அக்கா?” என்றாள் துசாந்தினி. அடையாள அட்டை கொப்பி எடுக்க ஆள் வந்து நிற்க, அவள் எழும்பிப் போனாள்.

நிறஞ்சலாவுக்கு முகம் கொதித்தது. வெட்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பொம்மைமேல் பொறாமையாக இருந்தது என்பதுதான் உண்மை. தான் வாய் திறந்து சொல்லாததை அது ஒவ்வொரு நாளும் மழையிலும் வெயிலிலும் இருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. முன்பின் தெரியாத யாரோ ஒருத்தன், ஒரு பெண் எப்படிக் காத்திருப்பாள் என்று யோசித்து, கை வைக்கிற இடம் வரைக்கும் சரியாகச் செய்து, அதை அவள் புருசனுக்கு அனுப்பி வைத்திருக்கிறான். அவள்தான், அன்பு என்று நினைத்து, அதைக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்துவிட்டாள்.

இனிமேல் பழையபடி மூடினால் போதும். நாளைக்கு விடிய அவன் பார்ப்பான், மனம் ஆறுவான். அப்படி ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. ஆனால் அது யாரோ செய்து வைத்த காத்திருப்பு. அதில் இவளுடையது என்று என்ன இருக்கிறது? இவளுடையதெல்லாம் இத்தனை நாளும் நெஞ்சுக்குள் கிடந்து மக்கிக்கொண்டிருக்கிறது. தலை இடிக்கிறது என்று றம்ஸீனிடம் சொல்லிவிட்டு, கீரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்தபோது பின்னேரமாகியிருந்தது. கட்டாரில் இப்போதுதான் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பல நாள் காற்றும் மழையும் விட்டு அன்றுதான் கடல் அடங்கியிருந்தது. கிழமைக்கணக்காக வீட்டில் கிடந்த தோமஸ் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். றோசம்மா படியில் நின்று சத்தமில்லாமல் சிலுவை போட்டாள். அப்பா கரைக்குப் போகட்டும், பிறகு நிரோஷனுக்குப் போன் எடுக்கலாம் என்றுதான் நிறஞ்சலா நினைத்தாள். ஆனால் அவன் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். முடிந்தால் இரவு வரைக்கும் கிடையாது. இரவு வரைக்கும் இந்தத் துணிவு தனக்கு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். வாசலில் நின்றபடியே எடுத்தாள்.

எடுத்த உடனே நிரோஷன் பயந்துபோய்க் கேட்டான், இந்த நேரத்தில் என்ன, யாருக்கு என்ன என்று.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை” என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். “இஞ்சருங்கோ, நீங்கள் எப்ப வருவியள்?”

முற்றத்தில் தோமஸின் கால் நின்றது. றோசம்மா பதறித் திரும்பினாள். கையை ஓங்கிக்கொண்டு மகளிடம் வந்தவள், மகளின் முகத்தைக் கண்டதும் அரைவழியில் நின்றுவிட்டாள். மறுபக்கத்தில் யாரோ சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிற ஓசை மட்டும் வந்தது.

அவன் பேசாததால் அவள் பேசினாள். இத்தனை நாள் பேசாததெல்லாம் வந்தது. பாலத்தில் இருந்தது தான் இல்லை, அது கேம் தானாகச் செய்வது, தனக்கு அது தெரியவே தெரியாது என்றாள். கட்டிலில் படுத்தது நிம்மதியால் இல்லை, அவன் பக்கத்தில் கிடக்க ஆசைப்பட்டுத்தான் என்றாள். அதைச் சொல்லும்போது அப்பாவும் அம்மாவும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

“எனக்கு நீங்கள் இல்லாமல் இருக்க ஏலாது. பழகவும் இல்லை, பழகவும் மாட்டன். கடலில நிக்கிற ஆளை எப்ப வருவியள் எண்டு கேக்கக் கூடாதெண்டு வளந்தனான், அதுதான் கேக்கேல்லை. உங்களுக்கு ஏதும் ஆகிடுமோ எண்ட பயத்தில கேக்கேல்லை.”

அவன் குரல் வந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கிடந்து அடிபட்ட குரல்.

“நான் என்ன கடல்லயா நிக்கிறேன், நிறா? பாலைவனத்துல நிக்கிறேன். இங்க கவுறதுக்கு ஒரு தோணிகூட இல்ல.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். தோமஸ் திரும்பி வந்து எண்ணெய்க் கானைச் சுவரோரம் வைத்தார். வாசல் கதிரையில் இருந்தார். றோசம்மா உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மகளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவளை அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“விடு. கேக்கட்டும். நான் நாளைக்குப் போறன்” என்றார்.

போன கிழமை கேட்டிருந்தால் கையெழுத்து வைத்திருக்கமாட்டேன் என்றான் நிரோஷன். குற்றமாகச் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னான். தெரியும் என்றாள் அவள். கிழித்துப் போட முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றான். இடையில் ஒரு தரம் லீவு கேட்டுப் பார்க்கலாமாம். அதுவும் கொடுத்தால்தான் உண்டாம். இரண்டு வருடம் என்பது இரண்டு வருடம்தான், அதில் ஒரு நாளைக்கூட இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தாலும் குறைக்க முடியாது. எப்போது வருவேன் என்று சொல்ல அவனிடம் ஒரு தேதியும் இல்லை. கேட்டால் பதில் வரும் என்று நினைத்துக் கேட்டவளுக்குக் கேட்டது மட்டுமே மிஞ்சியது. ஆனாலும் நெஞ்சில் அடைத்துக் கிடந்த ஒன்று இறங்கிவிட்டது. இறங்கிய இடம் இப்போது இன்னும் கூடுதலாக வலித்தது.

அங்கே வேலைக்கு ஆட்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நிரோஷனுடைய பெயரையும் யாரோ சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் போனை வைக்கவில்லை.

“நிறா” என்றான். “இன்னொரு தடவ கேளு.”

அவள் கேட்டாள்.